35 கட்டை, ஒரே மோட்டார்: பழைய மெல்லோட்ரானைச் சரிசெய்வது எப்படி?

மெல்லோட்ரானின் மேல்மூடியை முதன்முதலில் திறந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே பார்த்தால் வெள்ளைப் பெட்டியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கீபோர்டு. உள்ளே பார்த்தால் வரிசையாக 35 டேப்புகள், 35 ரப்பர் உருளைகள், டேப்பில் பதிந்ததைப் படிக்கும் 35 ஹெட்டுகள், எழுபது திருகுகள். கட்டையை அழுத்தினால் ஒரு டேப் ஓடும், அதில் ஏற்கெனவே யாரோ வாசித்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ கேட்கும். கையை எடுத்தால் டேப் விருட்டென்று பின்னால் ஓடி முதல் இடத்துக்கே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த "அவ்வளவுதான்" ஒன்றல்ல, 35 முறை ஒழுங்காக நடக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்வோம். கீபோர்டில் அழுத்துவதைச் "சாவி" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆர்மோனியக்காரர்கள் சொல்வதுபோல் "கட்டை" என்றே எழுதுகிறேன்.

எந்த மாடல்?

மெல்லோட்ரானின் பூர்வீகம் அமெரிக்கா. ஹாரி சேம்பர்லின் என்பவர் 1940களின் கடைசியில் இருந்தே டேப்பில் ஓடும் கீபோர்டுகளைச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் விற்பனையாளராக இருந்த பில் ஃபிரான்சன் 1962இல் இரண்டு சேம்பர்லின்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். ஒரே மாதிரியான 70 டேப் ஹெட்டுகள் செய்து தர ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். பர்மிங்காமில் பிராட்மேட்டிக் என்ற பட்டறையை நடத்திவந்த பிராட்லி சகோதரர்கள் அதைப் பார்த்து, நாங்கள் செய்கிறோம் என்றார்கள். இது வேறொருவருடைய கருவி என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சேம்பர்லினுக்கும் இதெல்லாம் பிற்பாடுதான் தெரியவந்தது, கடைசியில் பணம் கொடுத்துச் சமாதானமானார்கள். 1963இல் முதல் மாடலான மார்க் 1 வந்தது, அடுத்த ஆண்டு மார்க் 2.

இந்த மார்க் 2 அருமையான கருவிதான். ஆனால் புதிதாக இந்த வேலைக்கு வருபவர் அதைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீபோர்டுகள், மொத்தம் 70 டேப்புகள், ஒவ்வொரு டேப்பிலும் ஆறு நிலையங்கள், அதாவது வெவ்வேறு ஒலிகள் பதிந்த ஆறு பகுதிகள். நிலையம் மாற்றும்போது 35 டேப்பும் ஒன்றாக ஓடி வேறொரு இடத்தில் போய் நிற்க வேண்டும். அந்த இயக்கத்தைச் சரிசெய்வது தனிக் கலை.

நீங்கள் தேட வேண்டியது 1970இல் வந்த எம் 400. அதிகம் விற்ற மெல்லோட்ரான் இதுதான், ஏறத்தாழ 1,800 செய்திருக்கிறார்கள். கீழ் ஜியிலிருந்து மேல் எஃப் வரை 35 கட்டைகள். நிலையம் கிலையம் எதுவும் இல்லை. ஒரு டேப்பில் பக்கத்தில் பக்கத்தில் பதிந்த மூன்று டிராக்குகள், ஒவ்வொன்றிலும் சுமார் 8 நொடி ஒலி. எந்த டிராக் என்பதை மேலே உள்ள குமிழால் தேர்ந்தெடுக்கலாம். குமிழைத் திருப்பினால் ஹெட் வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த டிராக்குக்குப் போகும். டேப்புகள் மொத்தமும் ஒரு இரும்புச் சட்டத்தில் இருப்பதால் சட்டத்தோடு தூக்கி வேறு ஒலிகள் உள்ள சட்டத்தை வைத்துவிடலாம். எடை சுமார் 55 கிலோ, ஆகவே இறக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும்.

1977க்குப் பிறகு இதே கருவி "நோவாட்ரான்" என்ற பெயரிலும் வந்திருக்கிறது. அமெரிக்க விநியோகஸ்தர் திவாலானபோது மெல்லோட்ரான் என்ற பெயரும் கைமாறிப் போனதால், செய்தவர்களே தங்கள் கருவிக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. நோவாட்ரான் என்று எழுதியிருந்தால் தயங்க வேண்டாம், உள்ளே அதே சரக்குதான்.

உள்ளே நடப்பது என்ன?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கட்டைகளுக்கு அடியில், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரு நீண்ட உலோகத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. அதுதான் கேப்ஸ்டன். கேசட் பிளேயரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும், அங்கே ஊசி மாதிரி இருக்கும். சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து நிறுத்தும்வரை அது ஒரே வேகத்தில் சுழல வேண்டும்.

ஒவ்வொரு கட்டையின் மரத்திலும் இரண்டு திருகுகள் இறங்கியிருக்கின்றன. கட்டையை அழுத்தும்போது ஒரு திருகு பிரஷர் பேட் என்ற சிறிய ஃபெல்ட் மெத்தையை அமுக்கி, டேப்பை ஹெட்டோடு சேர்க்கிறது. இன்னொரு திருகு பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையை அமுக்கி, டேப்பைச் சுழலும் கேப்ஸ்டனோடு சேர்க்கிறது. உடனே டேப் இழுபட்டு ஓடத் தொடங்கும். ஓடிய டேப் முன்னால் உள்ள தொட்டியில் மடிந்து விழும். இதற்குள் பின்னால் ஒரு ஸ்பிரிங் நீண்டுகொண்டிருக்கும். கட்டையை விட்டதும் பிடி தளர, ஸ்பிரிங் டேப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

டேப் வளையமாகச் சுற்றுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசலிலிருந்து கேட்கிறது. 8 நொடிக்கு மேல் பிடித்தால் டேப் முடிந்துவிடும், ஒலியும் நின்றுவிடும்.

ஆக இது 35 டேப் ரெக்கார்டர்களின் கூட்டுக்குடும்பம். ஆளுக்கொரு ஹெட், பேட், ரோலர், ஸ்பிரிங் தனித்தனி. மோட்டார், கேப்ஸ்டன், ஹெட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப், மின்சாரம் எல்லாருக்கும் பொது. பழுதுபார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: கோளாறு ஒரு கட்டையிலா, எல்லாக் கட்டையிலுமா? ஒன்றில் என்றால் அந்தக் கட்டைக்கு அடியில் தேட வேண்டும், எல்லாவற்றிலும் என்றால் பொதுவான பாகத்தில் தேட வேண்டும். பொதுவானவற்றைச் சரிசெய்து முடிக்கும்வரை அந்த எழுபது திருகுகளில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கருவி வீட்டுக்கு வந்த அன்றே சுருதி அலைபாய்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுபதையும் திருகித் தீர்த்தேன். அலைச்சலுக்குக் காரணம் மோட்டாரிலிருந்து கேப்ஸ்டனைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்ததுதான். பெல்ட்டை மாற்ற அரைமணி நேரம் ஆனது. நான் குலைத்துவிட்ட திருகுகளை மறுபடி நிலைக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது.

பிளக்கைச் செருகும் முன்

வாங்கிய ஆவலில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். இங்கிலாந்துக்குச் செய்தது 240 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 115 வோல்ட் வகை. பலமுறை கடல் தாண்டிய கருவிகள் உண்டு, நடுவில் யாராவது டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியும் இருப்பார்கள், ஆகவே தகட்டை மட்டும் நம்பாமல் வயரிங்கையும் பார்க்க வேண்டும். மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். எர்த் கம்பி உலோகச் சட்டத்தோடு உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஹம் சத்தம் வருகிறது என்று எர்த்தைக் கழற்றிவிட்ட புண்ணியவான்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

மெயின்ஸ் பக்கம் வேலை செய்து பழக்கமில்லை என்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் தெரிந்த டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய வழியையே பின்பற்றுகிறேன்: சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு வழியாக மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே எங்காவது ஷார்ட் இருக்கும்போது பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கருவிக்கு ஆபத்து இல்லை. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. பல்பு இருக்கும்போது மோட்டார் சோம்பலாகச் சுற்றலாம், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைச் செய்யும்போது டேப் சட்டம் வெளியே இருக்கட்டும், எந்தக் கட்டையையும் அழுத்த வேண்டாம்.

டேப் சட்டத்தை வெளியே எடுத்தல்

மேல்மூடியையும் முன்பலகையையும் கழற்றுங்கள். கட்டைகளும் திருகுகளும் டேப்புக்கு மேலே இருப்பதால் கீபோர்டைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி அதை முதலில் அகற்ற வேண்டும். அப்புறம் சட்டத்தை நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்துத் தூக்கினால் டேப்புகள் ஹெட்டில் சிக்கும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வெளியே எடுத்த சட்டத்தை இரண்டு மரக்கட்டைகள்மேல், டேப்புகள் எதிலும் படாதபடி நிறுத்தி, பழைய பருத்தி வேட்டியால் மூடிவையுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். உங்கள் ஸ்க்ரூ டிரைவரையும் சோதியுங்கள். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பல முனையில் காந்தம் உள்ளவை. திருகு கீழே விழாமல் பிடிக்க வசதிதான், ஆனால் டேப்புக்கும் ஹெட்டுக்கும் பக்கத்தில் காந்தத்துக்கு இடமே இல்லை. ஒரு ஊசியை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டினால் அந்த ஸ்க்ரூ டிரைவரை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

சுத்தம்

ஐம்பது வருடத் தூசி, சிகரெட் புகை, எலி கூடு கட்டிய பஞ்சு, ஒரு பழைய ஷில்லிங் காசு. என் கருவியின் தொட்டியில் கிடைத்தவை இவை. தொட்டியை மென்மையான பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் பொறுமையாகச் சுத்தம் செய்யுங்கள். டேப் மடிந்து விழும் இடம் இது, சுவரில் பிசுக்கு இருந்தால் டேப் ஒட்டிக்கொள்ளும்.

ஹெட்டுகளையும் கேப்ஸ்டனையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் பழுப்பாக வந்தால் அது டேப்பிலிருந்து உதிர்ந்த பொடி, கறுப்பாக வந்தால் ரோலரின் ரப்பர். வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். கேப்ஸ்டனை மோட்டார் ஓடாத நேரத்தில், கையால் மெல்லச் சுழற்றியபடி துடையுங்கள். அதன்மேல் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. இரு முனைகளிலும் உள்ள பேரிங்குகளுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லியது ஒரு துளி விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

ஹெட்டுகள் நாளடைவில் காந்தம் ஏறிப் போயிருக்கும். அதற்கு டிமேக்னடைசர் என்ற சிறிய கருவி கிடைக்கும். மெல்லோட்ரானை அணைத்துவிட்டு, டேப் சட்டத்தைப் பக்கத்து அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஹெட் வரிசையை மெல்ல வருடி, கையை மெல்லப் பின்வாங்கிய பிறகே டிமேக்னடைசரின் சுவிட்சை அணையுங்கள். டேப்புகளை உள்ளேயே வைத்துக்கொண்டு இதைச் செய்தால் வயலின், குழல் எல்லாம் அழிந்து மௌனம்தான் மிஞ்சும்.

ரப்பரும் ஃபெல்ட்டும்

பிஞ்ச் ரோலர்களை விரலால் உருட்டிப் பாருங்கள். நகத்தால் அமுக்கினால் லேசாக உள்வாங்கி மீள வேண்டும். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் மிக நைசான உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் அது தற்காலிக வைத்தியம்தான். ஒரே இடத்தில் அமுங்கிக் குழி விழுந்த ரோலர் எதற்கும் உதவாது. சுற்றுக்கு ஒருமுறை சுருதி குலுங்கும். அதற்குப் புதிது போடுவதைத் தவிர வழியில்லை. ரோலர் மாற்றினால் 35ஐயும் ஒன்றாக மாற்றுங்கள். பாதி பழையது, பாதி புதியது என்றால் கையில் தொடு உணர்வு கட்டைக்குக் கட்டை மாறும்.

பிரஷர் பேட்களின் ஃபெல்ட் பூச்சி அரித்தோ இறுகியோ போயிருக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனமுள்ள புது ஃபெல்ட்டை ஒட்ட வேண்டும். "அதே கனம்" என்பதில்தான் சூட்சுமம். கனம் கூடினால் திருகின் அளவுகள் எல்லாம் மாறிவிடும். பசை ஃபெல்ட்டின் முகத்துக்கு ஊறி வரக் கூடாது, ஆகவே மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள்.

மோட்டார்

பெல்ட் ஐந்து பத்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். புல்லிகளில் ஒட்டியிருக்கும் ரப்பர் பிசுக்கை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். கேப்ஸ்டனைக் கையால் சுழற்றும்போது எங்காவது இறுகுகிறதா, கண்ணுக்கு ஆடுகிறதா என்று பாருங்கள். கேப்ஸ்டன் வளைந்திருந்தால் அது வீட்டு வேலை இல்லை. நுட்பமான லேத் பட்டறை வேண்டும்.

மோட்டாரின் வேகத்தை ஒரு மின்சுற்று அட்டை கட்டுப்படுத்துகிறது. ஆரம்பகால எம் 400களில் வந்தது சிஎம்சி-10. மெல்லோட்ரான்காரர்கள் பெருமூச்சு விடும் பெயர் இது. ஒரு கட்டையை அழுத்தினால் மோட்டாருக்கு ஒரு டேப்பின் சுமை. இரண்டு கையாலும் எட்டுக் கட்டைகளை அழுத்தினால் எட்டு டேப்பின் சுமை. அந்தச் சுமையைச் சமாளித்து வேகத்தை நிறுத்திப் பிடிக்க சிஎம்சி-10க்குத் திராணி போதாது, சுருதி கீழே சரிந்துவிடும். பிறகு வந்த எஸ்எம்எஸ்-2 போன்ற அட்டைகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிடுங்கள். செல்போனில் ஒரு டியூனர் ஆப்பைத் திறந்து வைத்து நடுவில் உள்ள ஒரு ஏ கட்டையை அழுத்துங்கள், முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கையை எடுத்து டேப் திரும்பியதும் மறுபடி அதே கட்டையை அழுத்தி, கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீழ்க்கோடியில் நான்கைந்து கட்டைகளையும் சேர்த்து அழுத்துங்கள். சுருதி சட்டென்று இறங்கினால் மோட்டார் பக்கம்தான் கோளாறு: பெல்ட், பேரிங், அல்லது அட்டை. மூன்றில் பெல்ட்டையும் பேரிங்கையும் முதலில் பாருங்கள், செலவு குறைவு. அட்டையை மாற்றுவதாக முடிவெடுத்தால் பழையதைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு உள்ளேயே வையுங்கள், பின்னால் வாங்குபவர் கேட்பார்.

கீபோர்டின் மேலே உள்ள பிட்ச் குமிழ் மொத்தக் கருவியின் சுருதியையும் ஏற்றி இறக்கும். தனித்தனிக் கட்டைக்கு என்று சுருதித் திருகு கிடையாது. ஆகவே ஒரே ஒரு கட்டை மட்டும் அபஸ்வரமாக இருந்தால், ஒன்று ரோலர் வழுக்குகிறது, அல்லது பேட் மிகையாக அமுக்குகிறது, அல்லது டேப் நீண்டுவிட்டது. பதிவு செய்தபோதே வாசித்தவர் சற்றே முன்பின்னாக வாசித்த சுரங்களும் உண்டு. அவற்றோடு சண்டை போட முடியாது.

இனி அந்த எழுபது திருகுகள்

பொது பாகங்கள் ஒழுங்காகிவிட்டன, டேப் சட்டமும் கீபோர்டும் மறுபடி இடத்தில் உட்கார்ந்துவிட்டன என்றால் இப்போது ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரி. எந்தத் திருகை எத்தனை கால் சுற்று, எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று எழுத வேண்டும். நினைவில் நிற்கும் என்று நம்பாதீர்கள், நிற்காது.

நடுக்கட்டையில் ஆரம்பியுங்கள், கோடியில் வேண்டாம். முதலில் ரோலர் திருகு. டேப் இழுபடாத அளவுக்கு அதைத் தளர்த்துங்கள். கட்டையை முழுவதும் அழுத்தியபடி திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஓரிடத்தில் டேப் தயங்கித் தயங்கி நகரத் தொடங்கும். இன்னும் சற்று இறக்கினால் ஓட்டம் சீராகும். அங்கிருந்து ஒரு கால் சுற்று கூடுதலாகக் கொடுத்து நிறுத்துங்கள். அதற்கு மேல் இறக்கினால் ரப்பர்தான் தேயும், கட்டையும் கனக்கும்.

அடுத்து பேட் திருகு. ஒலி மங்கலாக, துணிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் கேட்டால் அழுத்தம் போதவில்லை. மெதுவாக இறக்குங்கள். ஒரு கட்டத்தில் திரை விலகியதுபோல் உயர்ஒலிகள் தெளிந்து வரும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் இறக்கினால் ஒலி கூடாது. ஃபெல்ட் டேப்பை உரசிப் பிடித்து இழுக்கும், சுருதி இறங்கும், ஹெட் தேயும். இரண்டு திருகும் ஒன்றை ஒன்று பாதிக்கும் என்பதால் பேட் முடிந்ததும் ரோலரை மறுபடி சோதியுங்கள்.

பேட் சற்று முன்னால் தொட வேண்டும், ரோலர் பின்னால் பிடிக்க வேண்டும். ரோலர் முந்திக்கொண்டால் டேப் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒலி கேட்கும். வில்லின் அந்த முதல் உரசல் போய்விடும், கருவியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கட்டையை மிக மெல்ல இறக்கிப் பார்த்தால் இந்த முன்பின் நன்றாகத் தெரியும்.

கடைசியாக, கட்டையை 8 நொடியும் விடாமல் பிடியுங்கள். தொடக்கம் நன்றாக இருந்து கடைசி இரண்டு நொடியில் சுருதி சரிந்தால், ஸ்பிரிங் நீளநீள அதன் இழுவை கூடுகிறது, அதை ரோலரின் பிடி தாங்கவில்லை என்று பொருள். ரோலருக்கு இன்னும் அரைக்கால் சுற்று கொடுங்கள்.

ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டைகளுக்கு மேல் செய்யாதீர்கள். காது களைத்துவிடும். களைத்த காது எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்லும். முப்பத்தைந்தும் முடிந்த பிறகு கீழிருந்து மேலே ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வாசித்துக்கொண்டே போய், தனியாகத் துருத்தும் கட்டைகளை மட்டும் மறுபடி தொடுங்கள்.

திரும்பி வராத டேப்

கட்டையை விட்ட பிறகு டேப் முழுதும் பின்வாங்காவிட்டால் அடுத்த முறை பாதியிலிருந்து ஒலிக்கும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் டேப் முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது பக்கத்து டேப்பின் அறைக்குள் நுழைந்திருக்கும். விரலால் இழுக்காமல், காதுக்குச்சி போன்ற காந்தமில்லாத ஒன்றால் மெல்ல எடுத்துவிடுங்கள். பளபளப்பான பக்கமும் மங்கலான பக்கமும் பக்கத்து டேப்புகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முறுக்கு இல்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது டேப் சுற்றிவரும் உருளை ஒன்று தூசியில் இறுகியிருக்கும்.

ஒரு கட்டையில் மட்டும் வயலினோடு குழலும் கசிந்தால் அந்த டேப் தன் வழியிலிருந்து விலகியிருக்கிறது. எல்லாக் கட்டையிலும் கசிந்தால் ஹெட் வரிசை டிராக்கின் நடுவில் நிற்கவில்லை, தேர்வுக் குமிழின் இயக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். வேண்டுமென்றே இரண்டு டிராக்குக்கு நடுவில் நிறுத்திக் கலந்து வாசிப்பவர்களும் உண்டு, அது வேறு கதை. எப்படியானாலும் கட்டையை அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்பாதீர்கள், ஹெட் டேப்பைக் குறுக்கே உரசும்.

பிரீஆம்ப்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்வழங்கியிலும் பிரீஆம்பிலும் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், அதே மதிப்பில் புதியவற்றை மாற்றுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். ஹம் சத்தம் எல்லாக் கட்டையிலும் இருந்தால் எர்த் இணைப்பையும் ஹெட்டிலிருந்து வரும் வயரின் கவசத்தையும் பாருங்கள். ஒரே கட்டை ஊமையாக இருந்து, பேட் சரியாகவே அமுக்குகிறது என்றால் அந்த ஹெட்டின் ஈயப்பற்று விட்டிருக்கும். வயர்கள் மயிரிழை மாதிரி இருக்கும், சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைக்காதீர்கள்.

டேப்பையே மாற்ற வேண்டுமா?

முடிந்தவரை பழையதையே ஓட்டிப் பாருங்கள். ஆனால் சுத்தம் செய்த ஹெட்டில் பத்து நிமிடத்திலேயே மறுபடி பழுப்புப் பிசின் சேர்ந்தால், டேப் கீச்சிட்டால், பூச்சு கெட்டுவிட்டது என்று பொருள். இன்னும் ஓட்டினால் ஹெட்டுகளும் கெடும்.

புது டேப்பை வீட்டில் வெட்டி ஒட்டிச் செய்துகொள்ள முடியாது. கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்பூல் டேப் கால் அங்குலம். மெல்லோட்ரானுடையது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். கடையில் விற்கும் அளவே இல்லை. இங்கிலாந்தில், மெல்லோட்ரானைச் செய்த பழைய நிறுவனத்தின் ஸ்ட்ரீட்லி எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரிலேயே, பிராட்லி குடும்பத்து ஜான் பிராட்லியும் மார்ட்டின் ஸ்மித்தும் மறுபடி தொடங்கிய நிறுவனம் மூலப் பதிவுகளிலிருந்து புது டேப்புகளைச் செய்து தருகிறது. மூன்று டிராக்கிலும் எந்தெந்த ஒலி வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதல் செட் வாங்குபவருக்கு என் யோசனை: வயலின், புல்லாங்குழல், செல்லோ. எம் 400இல் பரவலாக வந்த சேர்க்கை அதுதான், பழைய பதிவுகளில் நீங்கள் கேட்டதும் பெரும்பாலும் அவைதான். எட்டுப் பேர் பாடும் கோரஸ் ஆசை காட்டும், அதை இரண்டாவது சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது டேப்பை மாட்டிய முதல் வாரத்தில் அது கொஞ்சம் தளர்ந்து இடம் பிடிக்கும். ஆகவே டேப் மாட்டிய அன்றே திருகுகளுக்கு முடிவான அளவு வைக்காதீர்கள். தினம் அரைமணி நேரம் எல்லாக் கட்டைகளையும் வாசியுங்கள், ஒரு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள்.

வாசிக்கத் தொடங்கிய பிறகும் மாதம் ஒருமுறை ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வீட்டில் இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிடச் சொல்லுங்கள். கட்டையில் கனமாக எதையும் வைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் போனேன். திரும்பி வந்தபோது இடக்கோடியில் மூன்று கட்டைகள்மேல் துணிக்கூடை உட்கார்ந்திருந்தது, மூன்று ரோலரிலும் குழி.

அந்த மூன்று ரோலர்களையும் மட்டும் மாற்றினேன். 35ஐயும் ஒன்றாக மாற்றச் சொன்னேனே என்று கேட்காதீர்கள், அந்த மாதம் கையில் பணம் இல்லை.